ஈட்டியும் கையுறையும்: ஒரு குடும்பப்பெயரின் வரலாறு

அண்மையில் ஒரு ஞாயிறு மாலை எங்கள் நண்பர் குழாம் வழக்கம்போல் கூடியிருந்தது. ஆங்கில நாடகங்களின் தமிழ்த் தழுவல்களைப் பற்றிக் கட்டுரை படிக்க வந்திருந்த மூத்த அன்பர் ஒருவர், தம் கையெழுத்துப்படியில் முதல் வரி தொடங்கி இறுதி வரி வரை 'செகப்பிரியர்' என்றே எழுதியிருந்தார். இளைய நண்பர் ஒருவருக்குச் சிரிப்புத் தாளவில்லை. "ஐயா, ஷேக்ஸ்பியர் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? இன்னொருவருடைய பெயரை மாற்றி எழுத நமக்கு என்ன உரிமை?" என்று கேட்டுவிட்டார். பெரியவர் சினங்கொள்ளவில்லை. "தம்பி, அவர் தம் பெயரை எப்படி எழுதினார் என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்படியே நானும் மாற்றிக்கொள்கிறேன்" என்றார்.

எளிய கேள்வி என்றுதான் நினைத்தோம். தேடத் தேட, அந்தப் பெயருக்குள் ஒரு நாட்டின் சமூக வரலாறே மடித்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டோம். அத்துடன், பெயரைக் காட்டி ஒரு மனிதரின் படைப்பையே அவரிடமிருந்து பறிக்கும் முயற்சி ஒன்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருவதையும் கண்டோம். ஆகவேதான் இக்கட்டுரை.

பெயர்கள் பிறந்த விதம்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற காலத்தில் அங்கே பெரும்பாலோர்க்கு ஒற்றைப் பெயர்தான். ஓர் ஊரில் பத்து ஜான்கள் இருந்தால் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட அடைமொழி தேவைப்பட்டது. நிலம் கைமாறும்போதும் வரி தண்டும்போதும் அந்த அடைமொழியை எழுத்தில் பதியவேண்டி வந்தது. அவ்வாறு பதியப்பட்ட அடைமொழிகள், அடுத்த சில நூற்றாண்டுகளில், தந்தையிடமிருந்து மக்களுக்கு இறங்கும் குடும்பப்பெயர்களாக மெல்ல மெல்ல உறைந்தன.

இவற்றை நான்கு வகையாகப் பகுப்பது அறிஞர் வழக்கம். தொழிலால் வந்தவை ஒருவகை: கொல்லர் ஸ்மித் ஆனார், தையற்காரர் டெய்லர் ஆனார், பீப்பாய் செய்பவர் கூப்பர் ஆனார். வாழிடத்தால் வந்தவை இன்னொரு வகை: ஹில், வுட் என்பன போல. தந்தை பெயரால் வந்தவை மூன்றாம் வகை: ஜானின் மகன் ஜான்சன், ரிச்சர்டின் மகன் ரிச்சர்ட்சன். நான்காவது வகைதான் சுவையானது. அது பட்டப்பெயர். ஊரார் வாயில் கேலியாகவோ வியப்பாகவோ பிறந்து, பேரன் கொள்ளுப்பேரன் வரை ஒட்டிக்கொண்டுவிட்ட பெயர்கள் அவை. வலிய கையுடையவன் ஆம்ஸ்ட்ராங் ஆனது இப்படித்தான்.

இப்பட்டப்பெயர்களுக்குள் ஒரு சிறு கிளை உண்டு. ஒரு வினைச்சொல்லையும் ஒரு பொருளையும் சேர்த்துக் கட்டிய பெயர்கள் அவை. வாக்ஸ்டாஃப் என்றால் கோலை ஆட்டுபவன். டிரிங்க்வாட்டர் என்றால் தண்ணீர் குடிப்பவன். (மது குடிக்காதவனைப் பாராட்டிச் சொன்னதா, மொடாக்குடியனைக் கிண்டலாகச் சொன்னதா என்பது அந்த ஊராருக்கே வெளிச்சம்!) பிரேக்ஸ்பியர் என்றால் ஈட்டியை முறிப்பவன். 1154 முதல் 1159 வரை நான்காம் ஏட்ரியன் என்ற பெயரில் போப்பாண்டவராயிருந்த நிக்கோலஸ் பிரேக்ஸ்பியர் இப்பெயருக்குரியவர். அப்பதவியை அடைந்த ஒரே ஆங்கிலேயர் அவரே. மேக்பீஸ் என்றால் சமாதானம் செய்துவைப்பவன். 1811இல் கல்கத்தாவில் பிறந்த நாவலாசிரியர் தாக்கரேயின் பெயர் நடுவில் நிற்பது இச்சொல்தான்.

இந்த வரிசையில் வருவதுதான் ஷேக்ஸ்பியர். ஷேக் என்றால் அசை, உலுக்கு. ஸ்பியர் என்றால் ஈட்டி. ஈட்டியை உலுக்குபவன்! முதன்முதலில் இப்பெயரைச் சுமந்தவன் உண்மையான படைவீரனா, சந்தையில் வீண் சண்டைக்கு நிற்பவனா, அல்லது ஊரார் ஏதேனும் கொச்சைக் கேலியாக அவனை அப்படி அழைத்தார்களா? மூன்று விளக்கங்களும் சொல்லப்படுகின்றன. எதுவாயினும் அது அரண்மனையில் பிறந்த பெயரன்று. தெருவில் பிறந்த பெயர்.

வெட்கப்பட்டவரும் விடாதவர்களும்

இப்பெயரின் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று 1248ஆம் ஆண்டுக்குரியது. குளோஸ்டர்ஷயரைச் சேர்ந்த கிளாப்டன் என்னும் ஊரின் வில்லியம் என்பவர் கொள்ளைக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார் என்பதே அச்செய்தி. ஆம், அவர் பெயரும் வில்லியம் ஷேக்ஸ்பியர்தான்! உலக இலக்கியத்தின் மாபெரும் பெயர் நமக்கு முதலில் அறிமுகமாவது தூக்குமேடையில்.

அடுத்த செய்தி இன்னும் சுவையானது. ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரியில் ஹ்யூ என்றொரு கல்விமான் இருந்தார். அவருடைய குடும்பப்பெயர் ஷேக்ஸ்பியர். 1487இல் அதை அவர் துறந்து சாண்டர்ஸ் என்று மாற்றிக்கொண்டார். ஏன்? பழைய பெயர் இழிவாகக் கருதப்பட்டதால் மாற்றப்பட்டது என்று கல்லூரிப் பதிவேடே இலத்தீனில் காரணம் கூறுகிறது. ஒரு நூற்றாண்டு பொறுத்திருந்தால் அவர் கைவிட்ட பெயர் எங்கே போய் நின்றிருக்கும் என்பதை அந்தப் பெரியவர் எங்ஙனம் அறிவார்?

ஹ்யூவைப்போல் வெட்கப்பட வசதியில்லாத உழவர்களும் கைவினைஞர்களும் இப்பெயரை வார்விக்ஷயர் வட்டாரத்தில் சுமந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஸ்னிட்டர்ஃபீல்டு என்னும் சிற்றூரின் குத்தகை உழவர் ரிச்சர்ட். அவருடைய மகன் ஜான், அருகிலிருந்த ஸ்டிராட்ஃபோர்டு நகருக்குக் குடிபெயர்ந்து, தோல் பதனிட்டுக் கையுறை தைக்கும் தொழிலில் இறங்கினார். படிப்படியாக உயர்ந்து 1568இல் நகரத் தலைவர் பதவியையும் எட்டினார். ஆவணங்களில் அவர் எழுத்தாகக் கையொப்பமிட்டதில்லை, குறிதான் இட்டார். 1564 ஏப்ரல் 26இல் ஞானஸ்நானம் பெற்ற அவர் மகன்தான் நம் நாடகாசிரியர்.

ஆறு கையொப்பங்கள்

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். அவர் தம் பெயரை எப்படி எழுதினார்?

ஐயத்துக்கிடமின்றி அவருடையவை என்று பொதுவாக ஏற்கப்படுபவை ஆறே கையொப்பங்கள். ஒன்று 1612இல் ஒரு வழக்கில் சாட்சியாக இட்டது. இரண்டு 1613இல் இலண்டனில் ஒரு வீடு வாங்கியபோது இட்டவை. மூன்று 1616ஆம் ஆண்டு உயிலின் மூன்று தாள்களில் உள்ளவை. இவற்றுள் சில சுருக்கொப்பங்கள். பாதிப் பெயரோடு நின்றுவிடுபவை. முழுமையாக உள்ளவற்றிலும் எழுத்துகள் ஒன்றுபோல் இல்லை. எல்லாவற்றினும் வியப்பு, இன்று உலகம் எழுதும் எழுத்துக்கூட்டல் இந்த ஆறில் ஒன்றில்கூட இல்லை!

அவர் திருமணம் தொடர்பான 1582ஆம் ஆண்டு ஆவணங்களைப் பாருங்கள். ஒன்றில் 'ஷாக்ஸ்பியர்' போலவும், இன்னொன்றில் 'ஷேக்ஸ்பியர்' என்பதன் நடுவே ககரத்துக்குப் பதில் 'ஷாகு' என மெலிந்து ஒலிப்பதாகவும் குறித்திருக்கிறார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், அவ்வளவுதான்.

இதில் மர்மம் ஏதுமில்லை. ஆங்கிலத்துக்கு அன்று நிலைத்த எழுத்துக்கூட்டலே கிடையாது. அம்மொழியின் முதல் அகராதியென்று சொல்லப்படும் காட்ரேயின் சிறு நூல் வெளிவந்தது 1604இல்; ஜான்சனின் பேரகராதி வந்ததோ 1755இல். அவர் காலத்து நாடகாசிரியர் மார்லோவின் கதையும் இதுவே. எஞ்சியிருக்கும் அவருடைய ஒரே கையொப்பம் 'மார்லி' என்று இருக்கிறது; பல்கலைக்கழக ஏடுகளில் அவர் 'மார்லின்' என்றும் காணப்படுகிறார். கேம்பிரிட்ஜின் ஏடுகளிலேயே அந்த நிலை என்றால், ஸ்டிராட்ஃபோர்டின் கையுறைக்காரர் மகனிடம் மட்டும் ஒழுங்கை எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

அப்படியானால் இன்றைய எழுத்துக்கூட்டல் எங்கிருந்து வந்தது? அச்சுக்கூடத்திலிருந்து. 1593இலும் 1594இலும் அவருடைய நெடுங்கவிதைகள் இரண்டு நூலாயின. அச்சிட்டவர் ரிச்சர்ட் ஃபீல்டு, அவரும் ஸ்டிராட்ஃபோர்டுக்காரர். அந்நூல்களின் காணிக்கையுரைகளில் இன்றைய வடிவமே இருக்கிறது. அவர் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 1623இல், உடன் நடித்த தோழர்கள் இருவர் 36 நாடகங்களைத் தொகுத்து வெளியிட்டபோதும் அதே வடிவம்தான். பின்வந்தவர்கள் விட்டார்களா? பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும் பதிப்பாசிரியர் மலோன் கையொப்பங்களை வைத்து வேறுவிதமாக எழுதினார். 1873இல் ஃபர்னிவால் தொடங்கிய கழகம் தன் பெயரிலேயே இன்னொரு வடிவத்தை ஏந்திக்கொண்டது. பெர்னார்ட் ஷா கடைசி எழுத்து வீணென்று கருதி அதை வெட்டிவிட்டே எழுதினார். இருபதாம் நூற்றாண்டில்தான் இந்தப் பூசல் ஒருவாறு ஓய்ந்தது.

நடுவில் புகுந்த சிறுகோடு

பூசல் எழுத்தோடு நின்றிருந்தால் நாம் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அது அங்கே நிற்கவில்லை.

1857இல் டீலியா பேகன் என்னும் அமெரிக்கப் பெண்மணி, இந்நாடகங்களை எழுதியவர்கள் பிரான்சிஸ் பேகன் முதலிய பெருமக்களே என்று நூலெழுதினார். (இருவருக்கும் பெயர் ஒன்றே தவிர உறவில்லை. பெயரொற்றுமை எதையும் நிறுவாது என்பதற்கு அவரே சான்று!) 1920இல் லூனி என்னும் ஆங்கிலப் பள்ளியாசிரியர், ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவே உண்மையான ஆசிரியர் என்றார். உளவியல் மேதை ஃபிராய்டுகூட அதில் மயங்கினார். அந்தப் பிரபு 1604இலேயே இறந்துவிட்டார் என்பதும், 1609இல் பெர்முடாவில் நடந்த கப்பல் விபத்தின் செய்திகளைத் தழுவிய நாடகம் அதற்குப் பின்னரே எழுதப்பட்டிருக்க முடியும் என்பதும் அவர்களை அசைக்கவில்லை.

இந்தத் தரப்பினர் எடுத்துக்காட்டும் சான்றுகளுள் பெயரும் ஒன்று. ஊர் ஆவணங்களில் ஒரு எழுத்துக்கூட்டல், நூல்களில் வேறொன்று. ஆகவே ஊர்க்காரர் வேறு, ஆசிரியர் வேறு என்பார்கள். 1609ஆம் ஆண்டு சானெட் தொகுப்பு முதலிய சில நூல்களில் பெயரின் நடுவே ஒரு சிறுகோடு இருக்கிறது: ஷேக்-ஸ்பியர். கோடிட்டால் அது புனைபெயர் என்று பொருளாம்!

அச்சுக்கலை அறிந்தவர்கள் சொல்லும் விளக்கமோ மிக எளிது. அந்நாளில் 'எஸ்' எழுத்துக்கு நீண்டு வளைந்த ஒரு வடிவம் உண்டு. அதன் வளைவு ஈயக்கட்டையின் விளிம்பைத் தாண்டி நீளும். 'கே' எழுத்தின் கட்டையும் அப்படியே. இரண்டையும் அடுத்தடுத்துக் கோத்தால் ஒன்றோடொன்று மோதி உடைந்துவிடும். எனவே அச்சுக்கோப்பவர் இடையில் ஓர் 'ஈ' எழுத்தையோ சிறுகோட்டையோ செருகினார். ஈயக்கட்டையைக் காப்பாற்ற ஒரு தொழிலாளி செய்த ஏற்பாட்டில் சதியைக் கண்டுபிடிக்கும் திறமையை என்னென்பது?

எமக்குப் புலப்படுவது ஒன்றே. இவ்வையத்தின் அடியில் இருப்பது ஆராய்ச்சியைவிட, குலப்பெருமையைப் பற்றிய ஒரு முன்முடிவு. குறியிட்டுக் கையொப்பமிட்டவரின் மகன், பல்கலைக்கழகத்தை மிதியாதவன், நாடகக் கொட்டகைக்காரன், இத்தகையவன் அரசர்களின் நெஞ்சைத் திறந்து காட்ட முடியுமா என்ற கேள்வியே அது. அவர் வாழ்ந்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. 1592இல் வெளிவந்த ஒரு சிறுநூல், பட்டம் பெற்ற நாடகாசிரியர் ராபர்ட் கிரீனின் பெயரில் வந்தது. பட்டம் பெறாத நடிகன் ஒருவன் நாடகமெழுதத் துணிந்ததை அது ஏளனம் செய்கிறது. அவன் பெயரைத் திரித்துக் 'காட்சியை உலுக்குபவன்' என்ற பொருள்பட ஒரு சொல்லையும் வார்க்கிறது. பட்டப்பெயராய்ப் பிறந்த பெயருக்கு மீண்டும் ஒரு பட்டப்பெயர்!

1596ஆம் ஆண்டின் இரு செய்திகள்

அந்த ஏளனத்துக்கு விடைபோல் ஒன்று நான்காண்டுகளில் நிகழ்ந்தது. ஜான் ஷேக்ஸ்பியர் குடும்பத்துக்குக் குலச்சின்னம் வழங்கும் ஆணை வரையப்பட்டது. பொன்னிறக் கேடயம், குறுக்கே கருநிறப் பட்டை, அதில் வெள்ளி முனையுள்ள ஈட்டி. மேலே சிறகு விரித்த வல்லூறு ஒன்று, அதன் காலிலும் ஓர் ஈட்டி. 'உரிமையின்றி அன்று' என்னும் பொருளுடைய பிரெஞ்சு வாசகமும் உடன் இருந்தது. கல்விமான் ஹ்யூ இழிவென்று உதறிய அதே பெயர்ப்பொருளைக் கையுறைக்காரர் குடும்பம் தலைநிமிர்ந்து கேடயத்தில் எழுதிக்கொண்டது. அதைப் பொறுக்காத ஒரு குலச்சின்ன அதிகாரி 1602இல், தகுதியற்றோர்க்குச் சின்னம் வழங்கப்பட்டதாக 23 பேரைக் குறித்து முறையிட்டார். அப்பட்டியலில் இருந்த பெயர்களுள் ஒன்று, 'நடிகன்' என்ற அடையோடு, ஷேக்ஸ்பியர்.

ஆனால் அந்த ஆணையின் நாளைச் சற்று உற்று நோக்குங்கள். 1596 அக்டோபர் 20. அதற்குச் சரியாகப் பத்து வாரங்களுக்கு முன், ஆகஸ்ட் 11 அன்று, ஸ்டிராட்ஃபோர்டில் ஒரு சிறுவன் அடக்கம் செய்யப்பட்டான். பதினொரு வயது. பெயர் ஹாம்னெட். நாடகாசிரியரின் ஒரே மகன்.

தலைமுறை தலைமுறையாய்த் தொடரவேண்டிய சின்னம் கைக்கு வந்தபோது, அதைத் தொடரவேண்டிய பிள்ளை இல்லை.

பிறகு நடந்ததை அடுக்கிச் சொல்லவே நெஞ்சு கனக்கிறது. அவருடைய தம்பியர் மூவரும் அவருக்கு முன்பே மறைந்தனர். அவர் 1616 ஏப்ரலில் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் இளைய மகள் ஜூடித்துக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. தாத்தாவின் குடும்பப்பெயரையே குழந்தையின் முதற்பெயராக வைத்தார்கள்: ஷேக்ஸ்பியர் குவைனி. அக்குழந்தை 1617 மேயில், ஆறு மாதத்திலேயே கண்மூடியது. ஜூடித்தின் மற்ற இரு மகன்களும் 1639இல் இறந்தனர். மூத்த மகள் சூசன்னாவின் ஒரே மகள் எலிசபெத் 1670இல் பிள்ளையின்றி மறைந்தார். நேர்வழி வாரிசு அத்துடன் அற்றது. இன்று இங்கிலாந்தில் அக்குடும்பப்பெயர் கொண்டோர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர்கூட அவருடைய நேர் வழித்தோன்றல் அல்லர்.

செகப்பிரியர்

இரத்தத்தால் தொடராத பெயர் எதனால் தொடர்ந்தது? 1623இல் தோழர்கள் அச்சேற்றிய அந்த ஒரு நூலால். அவற்றுள் 18 நாடகங்கள் அதற்குமுன் அச்சையே காணாதவை. அந்நூலின் முகப்புப் பாடலில் பென் ஜான்சன் ஈட்டியை உலுக்குதல் என்ற பெயர்ப்பொருளை வைத்துச் சொல்விளையாட்டு ஆடியிருக்கிறார். 1592இல் ஏளனத்துக்குப் பயன்பட்ட அதே சிலேடை 1623இல் புகழாரமானது. எழுத்து மாறவில்லை, அதைத் தாங்கியவரின் உழைப்பு பொருளை மாற்றிவிட்டது.

பின் அந்தப் பெயர் நாடு நாடாகச் சென்றது; சென்ற இடமெல்லாம் சொந்தம் கொண்டாடப்பட்டது. அரபுலகில் அவரை 'ஷேக் சுபைர்' ஆக்கி அரபியரென்று வேடிக்கையாகச் சொன்னார்கள். பிற்காலத்தில் சிலர் அதை மெய்யாகவே வாதிட்டார்கள். தமிழிலோ 'செகப்பிரியர்' ஆனார், அதாவது உலகுக்கு இனியவர். (இதைத் தூய தமிழாக்கம் என்று எண்ணுவோர் கவனிக்க: செகமும் பிரியமும் வடமொழி வழி வந்தவையே!) அவர் படைத்த மாந்தர்க்கும் இங்கே அதே பேறு வாய்த்தது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், ஹாம்லெட்டை 'அமலாதித்தன்' ஆக்கினார். மாக்பெத்தை 'மகபதி' ஆக்கினார். வெனிஸ் நகரையே 'வாணிபுரம்' ஆக்கினார். ஒலியையும் விடாமல், பொருளும் தொனிக்க அமைந்த அப்பெயர்களில் கேலிக்கு என்ன இருக்கிறது?

எம் கருத்து இதுதான். எழுத்துக்கூட்டலில் ஒரு மனிதரைத் தேடுவது வீண்வேலை. பெயரின் வேர்ச்சொல்லில் பெருமையைத் தேடுவதும் அப்படியே. வேரைத் தோண்டினால் அங்கே கிடைப்பது ஒரு தெருக்கேலியும் ஒரு தூக்குக்கயிறும்தான். பெருமை அதற்குப் பிறகு ஒரு கையுறைக்காரர் மகன் உட்கார்ந்து எழுதியதில் இருக்கிறது. 'இவன் குடும்பம் என்ன, படிப்பு என்ன' என்று கேட்டுவிட்டு எழுத்தைப் படிக்கத் தொடங்குபவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு, நம்மிடையேயும் இல்லாமலில்லை. அவர்களுக்கு இந்தக் குடும்பப்பெயரின் வரலாற்றைவிடத் தக்க விடை வேறில்லை என்று நாங்கள் நம்புகிறோம்.

நிற்க. எங்கள் கட்டுரைகளில் வாசகர் தேடிக் கண்டடைய எளிதென்பதால் 'ஷேக்ஸ்பியர்' என்றே எழுதிவருகிறோம். இனியும் அப்படியே எழுதுவோம். ஆனால் வேறுவிதமாக எழுதுபவரைப் பார்த்து நகைப்பதில்லை என்று முடிவுசெய்திருக்கிறோம். தேடியவற்றையெல்லாம் சென்ற ஞாயிறன்று பெரியவரிடம் விரித்துச் சொன்னோம். கேட்டு முடித்து, "அப்படியானால் நான் எதை எழுதட்டும்?" என்றார். யாரும் வாய்திறக்கவில்லை. சிரித்த அந்த இளைய நண்பர்தான் அவருடைய கையெழுத்துப்படியை வாங்கிச் சென்று தட்டச்சு செய்து கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தோம். எல்லா இடத்திலும் 'செகப்பிரியர்' அப்படியே இருந்தது.